கரும்புக் காட்டிலிருந்து வந்த பதில்

துப்பாக்கிகளையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட ஹவில்தார் முக்தியார் சிங்குக்கு இவ்வளவு வலித்திருக்காது. துப்பாக்கிகளை அவரவரிடமே விட்டுவிட்டு, அவை இல்லாமல் சுடவே முடியாத போல்ட்டுகளை மட்டும் "எண்ணெய் போடணும்" என்று கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். பீரங்கிப் படையின் அந்தப் பிரிவில் நூற்றிருபது பேர். அதில் ஒன்பது பேர் சீக்கியர்கள். எண்ணெய் தேவைப்பட்டது என்னவோ அந்த ஒன்பது துப்பாக்கிகளுக்கு மட்டும்தான்.

அது 1984 ஜூன். அமிர்தசரஸில் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. உள்ளே ஆயுதங்களோடு இருந்தவர்களைப் பிடிக்கப் போனார்கள் என்று ரேடியோ சொன்னது. எவ்வளவு இடிந்தது, யார் யார் செத்தார்கள் என்று அது சொல்லவில்லை. அதனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். தனி நாடு கேட்டவர்கள் மேல் முக்தியார் சிங்குக்கு ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. போன லீவில் அந்தப் பேச்சைப் பேச வந்த சொந்தச் சித்தப்பா மகனையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். ஆனால் கோயில் வேறு. மகள் பிறந்த நாற்பதாம் நாள் மனைவியோடு போய் அந்தக் குளத்தில் முங்கி எழுந்திருக்கிறார். செய்தி கேட்ட அன்று கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பட்டாளத்தில் மனுஷனுக்குத் தனியாக இருக்கக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

கிழக்கே எங்கோ ஒரு காலாட்படை முகாமில் சீக்கியச் சிப்பாய்கள் ஆயுதக் கிடங்கை உடைத்து, கிடைத்த லாரிகளில் ஏறி, "அமிர்தசரஸுக்குப் போறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். ஆயிரம் மைல் தூரம். வழியில் டீசலுக்கு என்ன செய்வது என்றுகூட யோசிக்காமல் கிளம்பிய கூட்டம். அவர்களை மறிக்கத்தான் முக்தியார் சிங்கின் பிரிவை ஒரு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. டயரைச் சுட்டார்கள். லாரி வாய்க்காலில் சாய்ந்தது. பதினொரு பேர் துப்பாக்கிகளோடு குதித்து எதிரே இருந்த கரும்புக் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள். கரும்பு மார்பளவுதான் வளர்ந்திருந்தது. குந்தியிருப்பவனை மறைக்க அது போதும். பத்து ஏக்கர் தோட்டத்தில் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினொரு மணி வரை பார்ப்பது, அதற்குள் வெளியே வராவிட்டால் இயந்திரத் துப்பாக்கிகளால் தோட்டத்தையே அறுத்துத் தள்ளுவது என்று பிரிவுத் தலைவரான மேஜர் முடிவு செய்தார்.

பத்தரை மணிக்கு கேப்டன் தேஷ்பாண்டே முக்தியார் சிங்கைத் தேடி வந்தார். பூனாக்காரர். இருபத்தேழு வயது. தன்னைவிட மூத்த ஹவில்தார்களை ஆசான் என்ற மரியாதையோடு "உஸ்தாத்" என்று கூப்பிடுகிற நல்ல பிள்ளை.

"உஸ்தாத், நீங்க பேசிப் பாருங்க. நான் இந்தியில கத்தினா ஒருத்தனும் வரமாட்டான்."

"வந்தா என்ன பண்ணுவீங்க ஸாப்?"

"கையைத் தூக்கிட்டு வந்தா ஒருத்தன் மேலயும் குண்டு விழாது. இது என் வார்த்தை."

"மேஜர் ஸாப் வார்த்தை?"

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் வார்த்தை பதினொரு மணி வரைக்கும்தான்."

முக்தியார் சிங் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு சாலை நடுவே நடந்தார். பேசவேண்டியதை நாலே வாக்கியமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். நான் முக்தியார் சிங், பட்டிண்டா ஜில்லாக்காரன். உங்களைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். யாரும் சுடமாட்டார்கள். அவ்வளவுதான். ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்தார்.

வாய் முந்திக்கொண்டது.

"போலே ஸோ நிஹால்!"

பதினாறு வருஷ சர்வீஸில் எந்தக் கனமான வேலைக்கு முன்னாலும் அந்தத் தொண்டையிலிருந்து முதலில் வந்த சீக்கியக் கோஷம் அது. சேற்றில் புதைந்த பீரங்கியைத் தள்ளும்போது, கயிறு இழுக்கும் போட்டியில், எழுபத்தொன்று போரில் முதல் குண்டு போடும்போது. ஒருவர் முன்பாதியைச் சொன்னால் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் பின்பாதியைச் சொல்லவேண்டும். சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. தாய்ப்பாலோடு வந்தது, சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"ஸத் ஸ்ரீ அகால்!"

கரும்புக் காட்டின் இடது மூலையிலிருந்து, வாய்க்காலுக்குப் பத்தடி உள்ளே, பதினொரு தொண்டைகளும் ஒன்றாகச் சொல்லின.

இயந்திரத் துப்பாக்கி அந்த மூலையைப் பார்த்துத் திரும்பியது. கேப்டன், "சுடாதே! யாரும் சுடாதே!" என்று கத்திக்கொண்டே அதற்கு முன்னால் ஓடிப்போய் நின்றார். அட பாவிகளா, பதில் சொல்லிவிட்டீர்களேடா என்று முக்தியார் சிங் நினைத்தார். முதலில் குரல் கொடுத்தது தான்தான் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

கரும்புக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு. பிறகு ஒரு தலைப்பாகை எழுந்தது. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும்.

"ஓயே வீர்ஜி! அண்ணே, இது என்ன அநியாயம்? இப்படிக் கூப்பிட்டா மனுஷன் எப்படிப் பேசாம இருக்கறது?"

"எழுந்து வாங்கடா! சுடமாட்டாங்க. குரு மேல ஆணை, சுடமாட்டாங்க. எழுந்து வாங்க!"

பதினொரு பேரும் துப்பாக்கிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் எழுந்தவன் பெயர் லாப் சிங். விலங்கு மாட்டி வரிசையாக உட்கார வைத்தபோது முக்தியார் சிங்தான் தண்ணீர் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டால் ரத்தோவால் என்றான். முக்தியார் சிங்கின் ஊரிலிருந்து இரண்டு மைல். ரத்தோவால் குருத்துவாராவில்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது.

"பல்பீர் அக்கா வீட்டுக்காரரா நீங்க?" என்றான் லாப் சிங். "நல்லா இருக்கு போங்க. மாப்பிள்ளையே வந்து மறிச்சிருக்கார்!"

இப்படியாகத்தானே ஒரு குண்டும் வெடிக்காமல் அன்றைய காரியம் முடிந்தது. முக்தியார் சிங் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான்.

சாயங்காலம் கேப்டன் தன் அறிக்கையை வாசித்துக் காட்டினார். அதில் இப்படி இருந்தது: 'ஹவில்தார் முக்தியார் சிங் சமயோசிதமான ஒரு தந்திரத்தைக் கையாண்டு, தமது மதக் கோஷத்தை எழுப்பி, கலகக்காரர்கள் பழக்கதோஷத்தால் பதிலளிக்கும்படி செய்து, அவர்கள் பதுங்கியிருந்த இடத்தை வெளிப்படுத்தினார்.' பதக்கத்துக்கும் நாயப் சுபேதார் பதவி உயர்வுக்கும் சிபாரிசு செய்திருந்தார்.

"ஸாப், அது தந்திரமில்ல," என்றார் முக்தியார் சிங்.

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் உஸ்தாத். ஆனா நீங்க அதைக் கத்தினதும் மேஜர் என்ன சொன்னார் தெரியுமா? 'இவனும் அந்தப் பக்கம் போயிட்டான், பிடிச்சுக் கட்டுங்க'ன்னார். அது தந்திரம்னு நான் சொன்னேன். அதனாலதான் நீங்க இங்க நிக்கறீங்க. இல்லன்னா அந்த வரிசையில பன்னிரண்டாவதா உட்கார்ந்திருப்பீங்க. பேசாம இருங்க."

மறுநாள் முக்தியார் சிங்கின் துப்பாக்கிக்கு மட்டும் போல்ட் திரும்பி வந்தது. மற்ற எட்டு சீக்கியர்களும் அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்பதை நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் மாதம் ராணுவ நீதிமன்றம் கூடியது. கைதிகளுக்காக வாதாட ஒரு லெப்டினன்டைப் போட்டிருந்தார்கள். முக்தியார் சிங் சாட்சி சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த லெப்டினன்ட் அவரைப் பார்க்க வந்தார். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"ஹவில்தார் ஸாப், பதினொரு பேரும் ஓடினது உண்மை. ஆயுதம் எடுத்தது உண்மை. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பிடிபட்டாங்களா, தானா வந்தாங்களா? அதுதான் கேள்வி. தந்திரத்துல மாட்டினாங்கன்னா பத்து வருஷம் போகும். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுத்து, தானா எழுந்து வந்தாங்கன்னா மூணு வருஷத்துல முடியலாம். நீங்க கூப்பிட்டது தந்திரமா, இல்லையா?"

"யோசிச்சுச் சொல்றேன் ஸாப்."

"உண்மையைச் சொல்றதுக்கு என்ன யோசனை?"

லெப்டினன்டுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டார். முக்தியார் சிங் இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தந்திரம் என்றால் பதினொரு வீடுகளில் பத்து வருஷம் அடுப்பு சரியாக எரியாது. தந்திரமில்லை என்றால் கேப்டன் பொய்யர் ஆவார். தன்னைக் காப்பாற்ற வந்த மனுஷனைச் சபையில் வைத்துத் தலைகுனிய வைப்பதா? அதோடு மேஜரின் பழைய சந்தேகம் உயிர்பெற்று எழும். பதவி போகும், பென்ஷனும்கூடப் போகலாம். எல்லாவற்றையும்விட ஒன்று அவரை அரித்தது. 'நான் ஓடவில்லை. நான் நின்றேன். அதை இவர்கள் நம்ப, நான் என் ஆட்களையே வலையில் பிடித்தவன் என்று சொல்லவேண்டியிருக்கிறதே.' நின்றதற்கே ஒரு மதிப்பும் இல்லையா என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. வராதா பின்னே?

சாட்சி சொல்லவேண்டிய அன்று அதிகாரிகள் உணவுக்கூடத்தில் மேஜைகளை ஒதுக்கி நீதிமன்றம் அமைத்திருந்தார்கள். ஐந்து அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் லெப்டினன்ட் கர்னல் ஹர்தித் சிங். ஐவரில் அவர் ஒருவர்தான் சீக்கியர். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை என்று பேச்சு. திறந்தால் எந்தப் பக்கம் என்று எடைபோடுவார்களே, அந்தப் பயம் கர்னலுக்கும் இருக்கும்தானே.

முக்தியார் சிங் குருவின் பெயரால் சத்தியம் செய்துவிட்டு நின்றார். ஒரு பக்கம் கேப்டன் தேஷ்பாண்டே. எதிர்ப்பக்கம் பெஞ்சுகளில் பதினொரு பேர். லாப் சிங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசுத் தரப்பு அதிகாரி அறிக்கையை வாசித்தார். "இந்தக் கோஷத்தைத் தந்திரமாகத்தான் போட்டீங்க. சரிதானே?"

"இல்ல ஸாப்."

கேப்டன் தன் தொப்பியை மடியில் திருப்பி வைத்தார்.

"பின்னே?"

"வாய்ல வந்தது ஸாப்."

"அப்ப கேப்டன் தேஷ்பாண்டே பொய் எழுதியிருக்கார்."

"இல்ல ஸாப். கேப்டன் ஸாப் பூனாக்காரர். எங்க வழக்கம் அவருக்குத் தெரியாது. கண்ணால பார்த்ததை வச்சு என்னைப் பத்தி நல்லதா நினைச்சு எழுதிட்டார். தந்திரம் பண்ணணும்னா முன்னாடியே யோசிக்கணும். நான் யோசிச்சுட்டுப் போனது நாலு வாக்கியம். இது அதுல இல்ல."

"ஓஹோ. அப்படின்னா கலகக்காரங்களுக்கு உங்க மதக் கோஷத்தைப் போட்டு வரவேற்பு கொடுத்திருக்கீங்க. நீங்க எந்தப் பக்கம் ஹவில்தார்?"

முக்தியார் சிங்குக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"சாலைப் பக்கம் ஸாப். அவங்க கரும்புல இருந்தாங்க, நான் சாலையில நின்னேன். பதினாறு வருஷமா அங்கதான் நிக்கறேன். அன்னிக்கு என் துப்பாக்கியில போல்ட்கூட இல்ல. அப்பவும் அங்கதான் நின்னேன்."

அரசுத் தரப்பு அதிகாரி அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினார். அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஒரு கேள்வி," என்றார் ஹர்தித் சிங். "நீங்க குரல் கொடுத்தப்ப அவங்க பதில் சொல்லாம இருந்திருந்தா, நீங்க என்ன நினைச்சிருப்பீங்க?"

முக்தியார் சிங் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"செத்துட்டாங்கன்னு நினைச்சிருப்பேன் ஸாப்."

ஹர்தித் சிங் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

தீர்ப்பில் மூன்று வருஷம் என்று வந்தது. தானாக முன்வந்து சரணடைந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக அதில் ஒரு வரி இருந்தது. பதக்கத்துக்கான சிபாரிசு காணாமல் போனது. பதவி உயர்வும் அதோடு போனது. முக்தியார் சிங்கைப் பீரங்கியிலிருந்து எடுத்து, பழைய பூட்ஸும் கம்பளியும் எண்ணுகிற கிடங்கில் போட்டார்கள். கேப்டன் தேஷ்பாண்டே நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கிடங்குக்கு வந்து, "பூனாக்காரனுக்கு இப்ப உங்க வழக்கம் தெரியும் உஸ்தாத்," என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மட்டும் நல்லது.

கைதிகளைச் சிறைக்குக் கொண்டுபோகிற அன்று முக்தியார் சிங் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார். ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தால் என்ன தப்பு? காவல்காரன் தெரிந்தவன், ஒரு நிமிஷம் தள்ளி நின்றான்.

லாப் சிங் விலங்கோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அன்றைய சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"வீர்ஜி, எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"தந்திரமில்லைன்னு. நாங்களா வந்தோம்னு."

"டேய், ஏழு வருஷம் குறைஞ்சிருக்குடா உனக்கு."

"குறைஞ்சிருக்கு. யார் இல்லைன்னா? ஆனா ஊர்ல என்ன சொல்லுவாங்க? தர்பார் ஸாஹிப் கோயிலுக்காகச் சாகப் போறோம்னு கிளம்பினவங்க, ஒரு குண்டுகூடச் சுடாம கையைத் தூக்கிட்டு வந்தாங்கன்னுதானே? ரெண்டு மாசமா நாங்க பதினொரு பேரும் ஒண்ணைச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டிருந்தோம். 'நாம பயந்து வரலை. நம்மாள் ஒருத்தன், குரு பேரைச் சொல்லி ஏமாத்திட்டான்.' அதையும் பிடுங்கிட்டீங்களே. எங்கப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

முக்தியார் சிங் அவனை அறைந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நன்றிகெட்ட பயலே, உனக்காக நான் எதையெல்லாம் கொடுத்தேன் தெரியுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் அறைய முடியவில்லை. இருபத்து நாலு வயசு. மூன்று வருஷம் கழித்து அவன் நடந்துபோய் நிற்கவேண்டிய இடம் இந்த நீதிமன்றம் இல்லை, ரத்தோவால்.

"நான் ஏமாத்திட்டேன்னே சொல்லு," என்றார்.

"என்ன?"

"ஊர்ல போய்ச் சொல்லு. முக்தியார் சிங் குரு பேரைச் சொல்லி ஏமாத்திட்டான், இல்லன்னா வந்திருக்க மாட்டோம்னு சொல்லு. பதினொரு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்க. அது கோர்ட், அங்க சத்தியம் பண்ணினேன். ஊர்ல எனக்கு எந்தச் சத்தியமும் இல்ல. யார் கேட்டாலும் நான் மறுக்கமாட்டேன்."

லாப் சிங் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க எங்க போவீங்க வீர்ஜி? உங்க ஊரும் பக்கத்துலதானே?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ முதல்ல வீடு போய்ச் சேரு."

வண்டி கிளம்பியது. இடையில் அந்த நவம்பரும் வந்து போனது. தில்லியில் சீக்கியர்களுக்கு நடந்ததைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு ஊரில் ஓடிப்போன சிப்பாய்களின் மதிப்பு ஏறியது என்பதை மட்டும் சொன்னால் போதும். லாப் சிங் விடுதலையாகி வந்தபோது ரத்தோவால் குருத்துவாராவில் அவன் தோளில் மரியாதையாகக் காவித்துணி போர்த்தினார்கள். கரும்புக் காட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். முக்தியார் சிங் சொல்லிக்கொடுத்தபடியே அவன் சொன்னான்.

முக்தியார் சிங் அந்த வருஷம்தான் ஹவில்தாராகவே ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தார். ஒரு மத்தியானம் பல்பீர் கௌர் தன் தாய்வீட்டு ஊரான ரத்தோவாலுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். குருத்துவாரா சமையலில் ரொட்டி இடுகிற பெண்கள், தான் உட்கார்ந்ததும் எழுந்து வேறு அடுப்புக்குப் போய்விட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. தட்டில் பருப்பை ஊற்றினாள். ரொட்டி வைத்தாள். பிறகு எதிரே நின்றுகொண்டு கேட்டாள்.

"குரு பேரைச் சொல்லியா அந்தப் பசங்களைப் பிடிச்சுக் கொடுத்தீங்க?"

முக்தியார் சிங் ரொட்டியைப் பிய்த்தார்.

"ஆமா."

"எங்க ஊர்ப் பையன்னு தெரிஞ்சுமா?"

"ஆமா."

அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். நிஜமாகவா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் முன்னால் மட்டுமாவது உடைந்திருப்பார். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாள். ஊர் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

பல்பீர் உள்ளே போனாள். முக்தியார் சிங் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனார்.